சினைக் குதிரைகளுக்குக் காவல்

முப்பத்தொரு வருடம் மாடுகளுக்கு ஊசி போட்டேன். நோய்க்கு அல்ல, சினைக்கு. உறைய வைத்த விந்துக் கலனை மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு, அச்சுவேலியிலிருந்து உரும்பிராய் வரைக்கும் எந்த ஒழுங்கையையும் நான் விட்டுவைத்ததில்லை. ஊசி போட்ட மாடு ஒன்பது மாதம் கழித்துக் கன்று போட முடியாமல் கிடந்து முக்கினால், அதற்கும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அது என் வேலை அல்ல. அதற்குப் படித்த மிருக வைத்தியர் இருக்கிறார். அவர் வந்து சேருவதற்குள் மாடு போய்விடும் என்று எல்லாருக்கும் தெரியும். சட்டையைக் கழற்றி, தோள்மூட்டு வரைக்கும் சவர்க்காரம் போட்டு, கையை உள்ளே விட்டு, மடங்கிக் கிடக்கும் காலைத் தேடி நிமிர்த்தி இழுத்திருக்கிறேன். ஊர் என்னை டொக்டர் என்றது. நான் யாரையும் திருத்தப் போகவில்லை.

ஓய்வு பெற்ற பிறகு என் தொலைபேசி அடிக்கவில்லை. மாடு வைத்திருந்தவர்கள் விற்றார்கள், அல்லது பிள்ளைகளிடம் கனடாவுக்குப் போனார்கள். புதிதாக வந்த ஊசிக்காரப் பெடியன் சந்தையில் என்னைக் கண்டால் மரியாதையாகத் தலையாட்டிவிட்டுப் போய்விடுவான். ஒரு சந்தேகமும் கேட்கமாட்டான். நான் வீட்டிலிருந்து மனைவியின் குழம்பில் பிழை பிடித்துக்கொண்டிருந்தேன். இதையெல்லாம் சொல்வது, குதிரைகள் வந்தபோது நான் எந்த நிலையில் இருந்தேன் என்பது விளங்குவதற்காக. மன்னிப்புக் கேட்கிறேன் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். மன்னிப்புக் கேட்கவேண்டிய இடத்தில் நான் கேட்கவில்லை, அதைப் பிறகு சொல்கிறேன்.

எங்கள் வீட்டிலிருந்து இரண்டு ஒழுங்கை தள்ளி ஒரு பெரிய வளவை டென்மார்க்கிலிருந்து திரும்பி வந்த ஒரு தம்பதி வாங்கினார்கள். அவருக்கு அறுபத்துநாலு வயதிருக்கும், மனைவி அவரைவிட ஐந்தாறு வயது இளையவர். பிள்ளைகள் அங்கேயே தங்கிவிட்டார்கள். வந்த ஆறாம் மாதம் ஒரு லொறியில் இரண்டு மட்டக்குதிரைகள் வந்து இறங்கின. மலைநாட்டுப் பக்கம் பிள்ளைகளை ஏற்றிச் சுற்றிக்காட்டும் ஒருவரிடம் வாங்கியதாம். இரண்டும் பெட்டை. ஒன்று வெள்ளை, மற்றது மண்ணிறம். என் இடுப்புக்கு மேல் வராது. படலையில் நின்று பார்த்த பக்கத்து வீட்டுக்காரர், "உது குதிரையோ, இல்லாட்டி நல்லாச் சாப்பிட்ட ஆடோ?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தோம். டென்மார்க்காரர் மட்டும் சிரிக்கவில்லை. சனி, ஞாயிறில் பிள்ளைகளைச் சவாரி ஏற்றலாம், வெளிநாட்டிலிருந்து லீவில் வருகிற குடும்பங்கள் வரும் என்று அவர் பெரிய திட்டம் வைத்திருந்தார்.

இரண்டு மாதம் போக, இரண்டின் வயிறும் ஒரு பக்கம் தொங்கத் தொடங்கியது. விற்றவன் சினை என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. டென்மார்க்காரர் என்னைத் தேடி வீட்டுக்கே வந்தார்.

"அண்ணை, உங்களை விட்டா எனக்கு ஆரும் இல்லை. நீங்கள்தான் வந்து பார்க்கவேணும்."

மனைவி குசினியிலிருந்து எட்டிப் பார்த்தார். நான் சேர்ட்டை மாற்றிக்கொண்டு அப்போதே புறப்பட்டேன். வழியில் நடையே மாறிப்போய்விட்டது, எனக்கே தெரிந்தது.

குதிரையை நான் அதற்குமுன் தொட்டதில்லை. ஆனால் நாலு கால், ஒரு கருப்பை, என்ன பெரிய வித்தியாசம் இருக்கப்போகிறது என்று நினைத்தேன். வெள்ளையின் விலாவில் கையை வைத்தேன். சூடாக இருந்தது, உள்ளே ஒன்று புரண்டது. டென்மார்க்காரரின் மனைவியைக் கூப்பிட்டு அவர் கையையும் அந்த இடத்தில் வைக்கச் சொன்னேன். வைத்த கையை அவர் கன நேரமாக எடுக்கவில்லை. அவர் கண் கலங்கியதைப் பார்த்து, பெண்கள் என்றால் இப்படித்தான் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு காத்திருப்புத்தான். மாடென்றால் நாள் தெரியும். ஊசி போட்ட திகதி என் கொப்பியில் இருக்கும். குதிரை பதினொரு மாதம் சுமக்கும் ஜாதி. எப்போது சேர்ந்தது என்று விற்றவனுக்கே தெரியாது. மடி ஊறுகிறதா, வாலடி தளர்கிறதா என்று ஒவ்வொரு நாளும் போய்ப் பார்த்தேன். பிறகு ஒவ்வொரு நாளும் இரண்டு தரம். பிறகு பிளாஸ்டிக் கதிரை, நுளம்புத்திரி, பிளாஸ்கில் தேத்தண்ணி என்று கொட்டில் வாசலிலேயே முறைவைத்து இருக்கத் தொடங்கினோம். "என்ரை மூண்டு பிள்ளைப்பேறுக்கும் நீங்கள் இப்பிடி இருக்கேல்லை" என்றார் என் மனைவி. உண்மைதான். பிளாஸ்கை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அந்த நாட்களில் நான் கவனித்திருக்க வேண்டிய சில விஷயங்கள் இருந்தன. டென்மார்க்காரரின் மனைவி, அந்த அம்மா, குதிரையின் பின்பக்கமாகச் சுற்றிப் போகும்போது ஒரு கையை அதன் முதுகிலிருந்து எடுக்காமல் போவார், தான் எங்கே நிற்கிறார் என்று அதற்குத் தெரிகிற மாதிரி. குனிந்து அதன் காலைத் தூக்கித் தன் முழங்கால்களுக்கு நடுவில் வைத்துக்கொண்டு குளம்புக்குள் இருந்த கல்லைக் கிண்டி எடுப்பார். ஒரு நாள் கேட்டேன்:

"உதெல்லாம் எங்கை பழகினனீங்கள் தங்கச்சி?"

அவர் வாயைத் திறப்பதற்குள் புருஷன் சொன்னார்: "யூடியூப்பிலை, அண்ணை. இவ அங்கை ஒஃபிஸிலை வேலை செய்தவ. குதிரையைக் கண்டாலே பயம்."

அந்த அம்மா, "ஓம், வீடியோவிலை பார்த்தனான்" என்றார். பயம் உள்ளவர் குதிரையின் பின்னங்காலைத் தூக்கி மடியில் வைப்பாரா என்று யோசிக்கிற அளவுக்கு எனக்கு மூளை இருந்தது. யோசிக்கிற விருப்பம் இருக்கவில்லை.

இன்னொரு நாள் அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார், கொழும்பில் பந்தயக் குதிரைகளைப் பார்க்கும் ஒரு வைத்தியரின் நம்பர் கிடைத்திருக்கிறது, ஒருக்கால் அவரோடு கதைத்து வைத்தால் நல்லது என்று. எனக்குச் சுருக்கென்றது. "தாராளமாக் கதையுங்கோ. அப்ப நான் என்னத்துக்கு?" என்றேன். டென்மார்க்காரர் பதறிப்போய் மனைவியை முறைத்தார். அந்தப் பேச்சு அதோடு நின்றது.

வெள்ளையின் காம்புகளில் மெழுகு மாதிரிச் சீம்பால் கட்டியது ஒரு வியாழக்கிழமை, போடும் நாள் கிட்டிவிட்டது. வெள்ளி, சனி இரண்டு இரவும் மூன்று பேருமே நித்திரை கொள்ளவில்லை. ஒன்றும் நடக்கவில்லை. குதிரை வைக்கோலைச் சப்பிக்கொண்டு எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஞாயிறு காலை நான் வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு ஆராதனைக்குப் போனேன். நாங்கள் வேதக்காரர், நாலு தலைமுறையாக மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்த குடும்பம். ஞாயிறு என்றால் வெள்ளைச் சேர்ட்டு. ஆராதனை முடிந்து அந்தச் சேர்ட்டோடேயே நேராக அவர்கள் வளவுக்குப் போனேன்.

படலையடியில் டென்மார்க்காரர் ஓடி வந்தார். "துவங்கிட்டுது அண்ணை, கெதியா வாங்கோ."

வெள்ளை பக்கவாட்டில் படுத்துக் கிடந்தது. அந்த அம்மா அதன் பின்னால் முழங்காலில் இருந்தார். வாலுக்குக் கீழே இரத்தச் சிவப்பாக ஒன்று, வெல்வெட்டுத் துணி சுற்றிய மாதிரி, கைமுட்டியளவுக்கு வெளியே தள்ளிக்கொண்டு நின்றது. சில பசுக்களுக்குக் கன்று போடுமுன்பே உள்ளுறுப்பு இப்படி வெளியே தள்ளும். நான் அதை எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன், எத்தனையோ தரம் கழுவி உள்ளே விட்டிருக்கிறேன். ஒரு கணமும் எனக்குச் சந்தேகம் வரவில்லை.

அந்த அம்மாவின் கையில் கத்திரிக்கோல் இருந்தது.

"அண்ணை, வெட்டுங்கோ. உது குட்டி இருக்கிற பை. கெதியா வெட்டுங்கோ."

"விசரே உங்களுக்கு? உள்ளுறுப்பு வெளியாலை தள்ளுது. வெட்டினா இரத்தம் பெருகித் தாயும் செத்துப்போம்."

"இல்லை அண்ணை, உது உறுப்பில்லை. பை வெள்ளையா வரவேணும். சிவப்பா வந்தா குட்டிக்கு உள்ளுக்கை மூச்சில்லை. சுணங்கக் கூடாது."

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

இதைக் கேட்டபோது எனக்கு உண்மையிலேயே கோபம். ஊரில் கன்று பிடித்த கைக்கு, ஒஃபிஸில் இருந்த மனுசி பாடம் எடுப்பதா? அவர் என்னைப் பார்த்தார். பிறகு புருஷனைப் பார்த்தார். புருஷன் நிலத்தைப் பார்த்தார்.

"நீர் சும்மா இரும்," என்றார் அவர், நிலத்தைப் பார்த்தபடியே. "அண்ணைக்குத் தெரியாததோ?"

கத்திரிக்கோல் கீழே இறங்கியது.

நான் குளிர்ந்த தண்ணீரும் சீனியும் கேட்டேன். வீங்கித் தள்ளிய உறுப்பில் சீனியைக் கொட்டினால் அது தண்ணீரை விட்டுச் சுருங்கும், பிறகு உள்ளே தள்ளுவது இலகு. மாட்டுக்கு அது நல்ல வைத்தியம். டென்மார்க்காரர் குசினிக்கு ஓடிப் போய்ச் சீனிப் போத்தலையே கொண்டுவந்தார். அந்தச் சிவப்பின்மேல் சீனியைக் கொட்டி, இரண்டு உள்ளங்கைகளையும் வைத்து மெதுவாக உள்ளே அழுத்தத் தொடங்கினேன்.

உள்ளேயிருந்து ஒன்று என் கையில் இடித்தது.

சின்னதாக, கடினமாக. குளம்பு. கன்றின் காலை நூற்றுக்கணக்கான தரம் தொட்ட கைக்கு அது என்னவென்று தெரியாமல் இருக்குமா? பிறகு இன்னொரு தரம் இடித்தது, முதலில் இடித்ததைவிட மெதுவாக. உறுப்பு வெளியே வந்திருந்தால் குளம்பு இந்த இடத்தில் எப்படி இருக்கும் என்று என் மூளையின் ஒரு மூலை கேட்டது. அந்த அம்மா சொன்னது சரி என்று அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் கையை எடுத்தால் அவர் சொன்னது சரியென்று ஆகிவிடும், டென்மார்க்காரர் பார்த்துக்கொண்டு நிற்கிறார். நான் கையை எடுக்கவில்லை. அழுத்திக்கொண்டிருந்தேன். எவ்வளவு நேரம் என்று கேட்காதீர்கள். மூன்று நிமிடம் இருக்கும், ஐந்து நிமிடம் இருக்கும். மூன்றாம் தரம் இடிக்கவில்லை.

அந்த அம்மா என் தோளில் கையை வைத்து என்னைத் தள்ளினார். நான் சாய்ந்து வைக்கோலில் விழுந்தேன். ஒரே வெட்டு. தண்ணீர் கொட்டியது, அதன் பிறகு முன்னங்கால் இரண்டு, மூக்கு. அவர் தன் பாட்டிலேயே இழுத்தார். கடைசியில் நானும் பிடித்தேன். குட்டி மண்ணிறம், நெற்றியில் ஒரு வெள்ளைப் புள்ளி, ஒரு பூனையைத் தூக்குகிற மாதிரித் தூக்கலாம். நாக்கு நீலம் பாரித்திருந்தது. அவர் மூக்கைத் துடைத்தார், வைக்கோல் துரும்பை மூக்குக்குள் விட்டார், சாக்கால் நெஞ்சைத் தேய்த்தார், பிறகு ஒரு துவாரத்தை விரலால் பொத்திக்கொண்டு மற்றதில் வாயை வைத்து ஊதினார். ஊதிக்கொண்டேயிருந்தார். போதும் என்று புருஷன் சொல்லும் வரைக்கும், சொன்ன பிறகும். வெள்ளை தலையைத் திருப்பிப் பார்த்து, எழும்பி வந்து, குட்டியை நக்கத் தொடங்கியது. அதைப் பார்க்க முடியாமல் நான் என் கையைப் பார்த்தேன். விரலிடுக்கெல்லாம் சீனி.

சத்தம் கேட்டு வேலிக்கு அங்காலிருந்து நாலைந்து பேர் வந்துவிட்டார்கள். எல்லாரும் என் வாயைத்தான் பார்த்தார்கள்.

"உள்ளுக்கையே செத்துப்போச்சு," என்றேன். "விடிய முந்தியே செத்திருக்கும். ஆரும் ஒண்டும் செய்திருக்க ஏலாது."

டென்மார்க்காரர் நீளமாக மூச்சு விட்டார். "அப்ப எங்கடை பிழை இல்லை" என்றார். பக்கத்து வீட்டுக்காரர், டொக்டர் இருந்தபடியால் தாயாவது தப்பியது என்றார். அதை யாரும் மறுக்கவில்லை, நானும் மறுக்கவில்லை.

கிணற்றடியில் அந்த அம்மாதான் எனக்குக் கை கழுவத் தண்ணீர் ஊற்றினார். பக்கத்தில் ஒருவரும் இல்லை. வாளியைச் சாய்த்தபடியே, சாதாரணமாகக் கதைக்கிற மாதிரிச் சொன்னார்:

"நான் பத்தொன்பது வருசம் குதிரைக் கொட்டில் கழுவினனான் அண்ணை. உது மாதிரிச் சின்னக் குதிரையள் வளர்க்கிற இடம். விடிய ஐஞ்சு மணிக்குச் சாணி அள்ளப் போவன். குட்டி போடுற காலத்திலை ராவிலையும் அங்கைதான். அந்தச் சிவப்பு இரண்டு தரம் வந்தது. ஒண்டைக் காப்பாத்தினது."

"இதை ஏன் முதலே சொல்லேல்லை?" நான் கத்தினேன். யார் யார்மேல் கத்துவது என்று ஒரு முறை இல்லையா? நான் அவர்மேல் கத்தினேன்.

"சொன்னனான்தானே அண்ணை. வெட்டுங்கோ எண்டு சொன்னனான்."

நான் விரலிடுக்கில் ஒட்டியிருந்த சீனியைத் தேய்த்தேன்.

"நீங்கள் கேட்டீங்கள், எப்பிடித் தெரியும் எண்டு. இவர் இஞ்சை எல்லாருக்கும் நான் ஒஃபிஸிலை இருந்தனான் எண்டு சொல்லி வைச்சிருக்கிறார். இவரின்ரை சொந்தக்காரருக்கு, சேர்ச் ஆக்களுக்கு, எல்லாருக்கும். அந்த நேரம் எனக்கு வாய் வரேல்லை." வாளியைக் கீழே வைத்தார். "நீங்களும் வெளியிலை சொல்லிப்போடாதேங்கோ."

சொல்லமாட்டேன் என்றேன். அந்த வாக்கை மட்டும், இதை எழுதும் வரைக்கும், சுத்தமாகக் காப்பாற்றினேன். குட்டியை டென்மார்க்காரரும் நானும் வேலியோரமாகக் குழி வெட்டித் தாட்டோம். வெள்ளை இரண்டு நாள் அந்த வேலிப் பக்கம் பார்த்துக் கனைத்தது, மூன்றாம் நாள் நிறுத்திவிட்டது. அதன் மடியில் வற்றாமல் நின்ற பாலை அந்த அம்மா கொஞ்சங்கொஞ்சமாகப் பீய்ச்சி மண்ணில் விட்டார்.

மண்ணிறக் குதிரை குட்டி போட்டது பதினாறு நாள் கழித்து. இந்தத் தடவை நான் வாயைத் திறப்பதில்லை, அந்த அம்மா சொல்கிறபடி செய்வது என்று எனக்குள் தீர்மானித்திருந்தேன். ஆனால் அவர் ஒன்றும் சொல்லவில்லை. கொட்டிலுக்குள்ளேயே வரவில்லை. கேட்டால் தண்ணீர் கொண்டுவந்தார், துவாய் கொண்டுவந்தார், கொண்டுவந்ததை வாசலில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றார். மத்தியானம் இரண்டு மணிக்கு மண்ணிறம் படுத்தது. வெள்ளைப் பை வந்தது, கால் இரண்டு, மூக்கு. தேத்தண்ணிக்குத் தண்ணீர் கொதிக்கிற நேரத்துக்குள் குட்டி வைக்கோலில் கிடந்து தும்மியது. நான் ஒரு விரலும் வைக்கவில்லை. ஒரு மணித்தியாலத்துக்குள் அது கோணல்மாணலாக எழும்பி நின்று பால் தேடியது.

டென்மார்க்காரர் ஒழுங்கை முழுவதையும் கூப்பிட்டார். "அண்ணை நிக்கேக்கை என்ன பயம்!" என்று என் தோளில் கை போட்டார். குட்டியை என் கையில் தூக்கித் தந்து, படம் எடுக்கச் சொல்லித் தொலைபேசியை மனைவியிடம் கொடுத்தார். அந்த அம்மாதான் படம் எடுத்தார். இரண்டாம் படத்தில் நான் சிரிக்கிறேன். அது டென்மார்க்குக்குப் போய், கனடாவுக்குப் போய், என் மகளே திருப்பி எனக்கு அனுப்பினாள். சந்தையில் மரக்கறி விற்கிறவர்கூட, குதிரைக்கும் பிள்ளைப்பேறு பார்த்த மனுசன் என்று கூப்பிட்டுப் பேசினார். உடுப்பிட்டியிலிருந்து ஒருவர் தன் மாட்டுக்காகத் தொலைபேசி எடுத்தார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதையும் எழுதாமல் விட்டால் மற்றதையெல்லாம் எழுதிப் பிரயோசனமில்லை.

ஒரு கிழமை கழித்துக் குட்டியைப் பார்க்கப் போனேன். டென்மார்க்காரர் யாழ்ப்பாணம் போயிருந்தார். அந்த அம்மா முற்றத்தில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கொடியடியிலேயே நின்றார். முகம் வற்றியிருந்தது, நித்திரை கொண்டு கன நாளான முகம்.

"அண்ணை, ஒண்டு கேக்கவேணும். உண்மையைச் சொல்லவேணும்."

"கேளுங்கோ."

"அண்டைக்கு நீங்கள் கையை வைச்சு அமத்தேக்கை, உள்ளுக்கை உயிர் இருந்ததோ? அசைஞ்சதோ?"

இதற்கு விடை தெரிந்தவன் உலகத்தில் நான் ஒருவன்தான். அசைந்தது, இரண்டு தரம் என்று சொல்ல வேண்டியதுதான். முற்றத்தில் நாங்கள் இரண்டு பேரும்தான் நின்றோம். உண்மையைச் சொல்லி இந்த மனுசியை இன்னும் வருத்துவானேன் என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்ததாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

"இல்லை தங்கச்சி. நான் வரமுந்தியே போட்டுது. கையிலை ஒண்டும் தட்டுப்படேல்லை."

அவர் கையில் இருந்த சட்டையைப் பிழிந்தார். அதில் தண்ணீர் இருக்கவில்லை.

"அப்ப வெட்டியிருந்தாலும் ஒண்டும் இல்லை. நான்தான் தெரிஞ்ச மாதிரிக் கத்தினனான், என்ன?" என்றார். "பத்தொன்பது வருசம் பார்த்தும் எனக்கு ஒண்டும் விளங்கேல்லை."

அப்போதும் நேரம் இருந்தது.

"பரவாயில்லை தங்கச்சி," என்றேன். "தெரியாமல்தானே சொன்னனீங்கள்."